பாக்கியம் நகரில் குறுக்கே நடக்காதவர்

சிவசைலம் செருப்பைக் கழற்றி மனைக்கல்லுக்கு வெளியே விட்டுவிட்டு, வெட்டவெளியைப் பார்த்து, "உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

எதிரே ஒரு கருவேலமரம், ஒரு கறையான் புற்று, யாரோ வீசிவிட்டுப் போன சைக்கிள் டயர். மரத்திலிருந்து ஒரு மைனா பறந்து போனது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, டேப்பின் வளையத்தை விரலில் மாட்டியபடி அவர் முப்பத்தேழாம் எண் மனைக்குள் காலடி வைத்தார்.

டேப்பின் மறுமுனையில் அவர் மகள் சித்ரலேகா நின்றாள். பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளர். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளை, காப்பி குடிப்பதற்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முந்தின நாள் சரல் ஏற்றி வந்த லாரி ஒன்று திரும்பும்போது பக்கத்து மனையின் மூலைக்கல்லைச் சாய்த்துவிட்டது. கல்லை அதன் இடத்திலேயே திரும்ப நட வேண்டுமானால் மூலைக்கு மூலை அளக்க வேண்டும். மூலைக்கு மூலை அளந்தால் டேப்பு மனையின் குறுக்கேதான் போகும். சிவசைலத்துக்கு அங்கேதான் சங்கடம்.

"ஏட்டி, அங்கன மிதிக்காத. அது அடுப்படி."

"எப்பா, இது முள்ளுக்காடு."

"இன்னைக்கு முள்ளுக்காடு. ஹால் வழியா சுத்தி வா."

சித்ரலேகா ஹால் வழியாகச் சுற்றி வந்தாள். டேப்பு பூஜை அறையில் ஒரு முள்ளில் சிக்கியது. அவர் அதைப் பைய விடுவித்தார். அரை விரற்கடை பிசகில்லாமல் கல்லை நட்டு, சுற்றிலும் மண்ணை இடித்து இறுக்கி, சுண்ணாம்பு அடித்தார்கள். நீலச் சாயத்தில் 37 என்று அவரே எழுதினார். எழுதி முடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று, கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல் கல்லைப் பார்த்தார்.

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். செவ்வாய்க்கிழமை அவர் இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து கிழக்கே போகிற சாலையில் முதலில் மாநகராட்சி எல்லைப் பலகை வரும். அதற்கப்புறம் ஒரு செங்கல் சூளை. ஒரு கோழிப்பண்ணை. வாய்க்கால் தண்ணீர் எட்டுகிற மட்டும் வாழை. வாழை முடிந்த பிறகு எதுவும் கிடையாது. அந்த எதுவும் கிடையாத இடத்தின் பெயர் பாக்கியம் நகர். பாக்கியசீலன் என்ற மனை வியாபாரி தன் பெயரில் பாதியை அதற்குக் கொடுத்திருந்தார்.

தொண்ணூற்று மூன்றில் அவர் அச்சடித்துக் கொடுத்த வரைபடத்தில் ஒரு பிரதான சாலை, ஆறு குறுக்குத் தெருக்கள், ஒரு பூங்கா, 'பொது உபயோகம்' என்று எழுதிய ஒரு கட்டம் எல்லாம் இருந்தன. தரையில் இருந்தவை வெள்ளைக் கற்கள். ஐந்தாறு வருஷத்தில் மொத்தம் நான்கு வீடுகள் வந்தன. அவையும் மூலைக்கொன்றாக. ஒரு வீட்டிலிருந்து கத்தினால் இன்னொரு வீட்டில் கேட்காது.

சிவசைலம் வரைபடத்தில் குடியிருந்தார். தரையைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

பிரதான சாலையிலிருந்து அவர் வீடு கண்ணுக்கு நேரே தெரியும். குறுக்கே நடந்தால் பீடி ஒன்று புகைந்து முடிவதற்குள் வந்துவிடலாம். அவர் ஒரு நாளும் குறுக்கே நடந்ததில்லை. காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நேரே போய், மூன்றாம் குறுக்குத் தெருவில் வலது பக்கம் திரும்பி, கடைசிக் கல்லில் இடது பக்கம் திரும்பி, தெரு என்று ஒன்று இருப்பதாக அவர் மட்டும் அறிந்த சரல் தரையில் நடந்து வருவார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, யாருமில்லாத பொட்டலில் ஓர் ஆள் தனியாக அணிவகுப்புப் பழகுவதாகத் தோன்றும்.

விருந்தாளி, பால்காரர், மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவர் எல்லோருக்கும் அதே சட்டம்தான்.

"குறுக்க போவாதீரும் வே. அது ஒருத்தன் வீடு."

"எங்கவே இருக்கு வீடு?"

"வரும்."

இசக்கித்தாய் அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவள். நகர் வருவதற்கு முன்பே அவளும் ஆடும் அங்கே இருந்தார்கள். அவளிடம் சிவசைலம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆடுகள் பூங்காவில் மேயலாம், வீடுகளுக்குள் மேயக்கூடாது.

"பூங்காவுல ஒரு புல்லுங்கூட இல்லையே அண்ணாச்சி."

"மாநகராட்சி வந்தா வைப்பான்."

"அது வர மட்டும் ஆடு என்னத்தத் திங்கும்?"

"ரோட்டோரமா மேயட்டும். ரோடு பொது."

இசக்கித்தாய் கம்பை ஊன்றி நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவர் பார்க்கிறபோது மட்டும் ஆடுகளைத் தெருவோடு ஓட்டிப் போக ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் ஆடுகளே திருப்பத்தில் திரும்பப் பழகிவிட்டன. அதைச் சிவசைலம் நகரின் முதல் முன்னேற்றமாகக் கருதினார்.

அவர் ரயில் தபால் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையின் பெரும்பகுதியை ஓடுகிற ரயில் பெட்டிக்குள், மஞ்சள் விளக்கடியில், ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்துப் பொந்துகளில் போட்டே கழித்தார். அந்த ஊர்களில் ஒன்றில்கூட அவர் இறங்கியதில்லை. கொற்கை என்றால் அவருக்கு இடது கை ஓரம் கடைசிப் பொந்து. அதற்கு மேல் கொற்கையைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பார். ஒரு முகவரி இருந்தால் அந்த இடம் இருந்தே தீரும் என்ற நம்பிக்கை அங்கே பிடித்தது.

'பொது உபயோகம்' என்று போட்டிருந்த, ஓர் உடைமரம் மட்டும் நின்ற கட்டத்தைத் தபால் நிலையம் என்று தீர்மானித்தவரும் அவர்தான். யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்கு வழி கேட்பவர்களிடம், "தபாலாபீசுக்கு எதுத்தாப்ல" என்றே சொல்லி வந்தார். பொங்கலுக்குப் பொங்கல் காலி மனைகளுக்கெல்லாம் வாழ்த்து அட்டை அனுப்பினார். தபால்காரர் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்.

"அண்ணாச்சி, இருவத்திரெண்டாம் நம்பர்ல ஆளு இல்ல."

"வெளிய போயிருப்பான். என்கிட்ட குடும், குடுத்துருதேன்."

"எழுதுனது நீருதான வே?"

"அதுனால என்ன? அவனுக்குத்தான வந்திருக்கு."

ஞாயிற்றுக்கிழமைகளில் பாக்கியசீலன் ஒரு வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மனை காட்ட வருவார். அன்றைக்குச் சிவசைலத்துக்குத் தலைக்கு மேல் சோலி. தன் வேட்டிகளை முப்பத்தொன்பதாம் மனையில் கொடி கட்டிக் காயப்போடுவார். பெடல் இல்லாத பழைய சைக்கிளை நாற்பத்தொன்றில் ஒரு பனைமரத்தில் சாத்தி வைப்பார். வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடக்கும். ஜங்ஷனில் செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லிவைத்து வாங்கியவை. ஒன்றுக்கொன்று ஜோடி சேராது. தூத்துக்குடியிலிருந்து மனை பார்க்க வந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "உள்ள ஏதும் துட்டி வீடா?" என்று கேட்டு, சாவு வீட்டுப் பக்கம் மனை வேண்டாமென்று வேனைவிட்டு இறங்காமலே திரும்பிப் போனாள். மறு வாரம் செருப்பை நான்கு ஜோடியாகக் குறைத்தார்.

காலி மனைகளின் முன்னால் கோலமும் வேண்டும் என்றார். அது அவர் மனைவி அன்னத்தாயின் தலையில் விழுந்தது.

"ஆளில்லாத வீட்டு வாசல்ல கோலம் போட்டா பேய்தான் வரும்."

"வரட்டும்ளா. அதுவாவது மனை வாங்குதான்னு பாப்போம்."

அன்னத்தாய் போட்டாள். ஆனால் வேண்டுமென்றே எல்லா வாசலிலும் ஒரே கோலத்தைப் போட்டாள். வேனில் வந்தவர்கள் அதை அரசாங்க முத்திரை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்னத்தாய் டவுனில் ஒரு வளவில் பிறந்து, இன்னொரு வளவில் வாழ்க்கைப்பட்டவள். வளவு என்றால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நடுவில் பொது முற்றம், எல்லோருக்கும் ஒரே கிணறு. அங்கே சுவரில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினால் கறிவேப்பிலை வரும். மூன்று தட்டினால் ஆளே வரும். ஒருத்தி வீட்டில் உப்புக் குறைந்தால் நான்கு வீட்டுக்குத் தெரியும். இரவெல்லாம் ரயிலில் நின்றுவிட்டு, பகலில் அந்த இரைச்சலுக்கு நடுவே போர்த்திக்கொண்டு படுத்த சிவசைலம் கண்ட ஒரே கனவு, நாலு பக்கமும் ஜன்னல் வைத்த வீடு. ஓய்வு பெற்றதும் கட்டினார். அன்னத்தாய் நாலு ஜன்னலையும் திறந்து பார்த்தாள். நாலிலும் ஒன்றுமே தெரியவில்லை.

குடிவந்த மறுநாளே அவள் சொல்லிவிட்டாள்.

"பக்கத்து மனையில ஒரு பொம்பள வந்து அடுப்புப் பத்தவைக்கட்டும். அது மட்டும் இருக்கேன். வரலன்னு தெரிஞ்சா வளவுக்குப் போயிருவேன்."

"அப்பம் வீடு?"

"வீட்ட நீங்க வச்சுக்கிடுங்க."

அன்னத்தாய் சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை. சிவசைலத்துக்கு அது தெரியும். செருப்பு, சைக்கிள், வாழ்த்து அட்டை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது இதுதான். பூங்காவும் தபால் நிலையமும் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். முப்பத்தேழில் ஒரு வீடு வர வேண்டும். வராவிட்டால் நாலு ஜன்னலுக்கு நடுவே அவர் ஒற்றையில் கிடக்க வேண்டும்.

அன்னத்தாய் காத்திருந்தாள். காத்திருக்கிறவள் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் புறவாசலிலிருந்து வந்து, "பக்கத்து வீட்டுக்காரி கழுவுன தண்ணிய நம்ம பக்கம் விடுதா. போய் என்னன்னு கேளுங்க" என்றாள். முதல் நாள் பெய்த மழைத்தண்ணீர் அது.

ஆளைக் குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆனால் சிவசைலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். கல்லுக்கு வெளியே நின்று இரண்டு வார்த்தை பேசினார். திரும்பி வந்தார்.

"கேட்டுட்டேன். நாளையிலருந்து விடமாட்டாளாம்."

"அவ அப்படித்தான் சொல்லுவா."

அதிலிருந்து முப்பத்தேழாம் நம்பர்காரி அவர்கள் வீட்டுப் பேச்சில் குடியேறிவிட்டாள். அவள் முருங்கைக்காயைப் பறித்தாள். ஒட்டடைக் கம்பை இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லை. பிள்ளைகளைச் சரியாக வளர்க்கவில்லை. அன்னத்தாய் குற்றம் சொல்லுவாள். சிவசைலம் போய்க் கேட்டுப் பதில் கொண்டுவருவார். ஒரு தடவை, என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து, "அவ சொல்லுததுலயும் நியாயம் இருக்குளா" என்றுவிட்டார்.

அன்னத்தாய் அன்றைக்கு முழுக்க அவரிடம் பேசவில்லை. சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த சித்ரலேகா, என்ன நடந்தது என்று இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரித்தாள். இரண்டு பேரும் சொன்னது அப்படியே பொருந்தியது. தகராறு நடந்திருக்கிறது, எதிராளி மட்டும் இல்லை. அவள் படித்த படிப்பில் இதற்கு வழி இல்லை. இரண்டு பேருக்கும் தோசை ஊற்றிக் கொடுத்தாள்.

முப்பத்தேழுக்கு உண்மையான உடைமைக்காரர் ஒருவர் இருந்தார். சாத்தான்குளத்தில் பள்ளிக்கூட ஆசிரியர் குற்றாலலிங்கம். மனையை வாங்கிப் போட்டவருக்கு வீடு கட்ட ஆசைதான். அவர் மனைவி ஆவுடையம்மாள்தான் மசியவில்லை. காட்டில் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறார் என்றாள். சிவசைலம் சாத்தான்குளத்துக்கு எத்தனையோ தடவை பஸ் ஏறினார். வரைபடத்தை விரித்துப் பூங்காவைக் காட்டினார். தபால் நிலையத்தைக் காட்டினார். கடைசியில் ஆவுடையம்மாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"ஆம்பளைக சொல்லுதத நான் நம்ப மாட்டேன். அங்கன இருக்க பொம்பள ஒருத்தி வந்து என்கிட்ட சொல்லட்டும்."

முப்பத்தேழுக்குப் பக்கத்தில் இருக்கிற பொம்பளை அன்னத்தாய்தான். அவளோ ஒரே பிடியாக நின்றாள்.

"நான் வந்து பொய் சொல்ல மாட்டேன்."

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. ஆவுடையம்மாள் வந்தால் அன்னத்தாய் இருப்பாள். அன்னத்தாய் போய்ச் சொன்னால்தான் ஆவுடையம்மாள் வருவாள். நடுவில் சிவசைலம் பஸ்ஸில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கல்லை நட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடியும் பேச்சை எடுத்தார்.

"கல்ல நேரா நட்டாச்சு. இனி அவங்க வந்து வானம் தோண்ட வேண்டியதுதான். நீ ஒரு எட்டு வந்து சொல்லு."

வானம் தோண்டுவது என்றால் அந்தப் பக்கத்தில் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் வெட்டுவது. அன்னத்தாய் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஆடியில யாரு வானம் தோண்டுதா? ஆவணி பொறக்கட்டும். வாறேன்" என்றாள்.

சிவசைலம் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். சித்ரலேகாவும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நெசமாவா?"

"வாறேம்னுதான் சொன்னேன். பொய் சொல்லுவேம்னு சொல்லல."

"பொய் எதுக்குளா? இருக்கதச் சொல்லு."

"இருக்கதச் சொன்னா அவ எப்படி வருவா?"

சிவசைலம் இருந்த ரசத்தைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வாங்கிக் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மூன்றாம் குறுக்குத் தெரு முனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பார்த்தவள் இசக்கித்தாய். ஆடுகளை விட்டுவிட்டு, மனைகளுக்குக் குறுக்கே, ஆறேழு வீடுகளுக்குள் புகுந்து ஓடி வந்து அன்னத்தாயின் கதவைத் தட்டினாள்.

துட்டிக்கு வந்த சொந்தக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவர் எப்போதோ சொல்லி வைத்திருந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு, மாலையும் கையுமாக ஒரு கூட்டம் முள்ளுக்காட்டில் தபால் நிலையத்தைத் தேடி அலைந்தது. டவுனிலிருந்து வந்த ஒரு கார் பூங்காவில் புதைந்து நின்றது. கடைசியில் இசக்கித்தாயிடம் கேட்டார்கள்.

"தபாலாபீசா? அந்தா, அந்த உடமரம். அதுக்கு எதுத்தாப்ல வீடு."

கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாள். பாடையைத் தூக்கியபோது முன்னால் நின்றவர்கள் சாலையை நோக்கி நேராக நடக்கப் போனார்கள். இசக்கித்தாய் கம்பை நீட்டி மறித்தாள். "அங்கிட்டு. ரோட்டுல போங்க." எது ரோடு என்று அவர்களுக்குப் புரியவில்லை. அவள் முன்னால் நடந்தாள். சங்கு, சேகண்டி, பாடை, பின்னால் உறவுக்கூட்டம் என்று எல்லாம் வெறும் பொட்டலில் வலது பக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் போய், இடது பக்கம் திரும்பிப் போயிற்று. வாசலில் நின்று பார்த்த சித்ரலேகாவுக்கு அந்தத் திருப்பங்களின் கோணம் சரியாக இருந்தது தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பதினாறாம் நாள் முடிந்த கையோடு அன்னத்தாயின் அண்ணன் வைத்தியலிங்கம் துணிப்பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார். டவுனில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம். பேச்சில் எப்போதும் ஒரு முடிவு இருக்கும்.

"வளவுல மேலவீடு காலியாத்தான் கெடக்கு. இன்னைக்கே கெளம்பு. இந்தக் காட்டுல ஒத்தப் பொம்பள இருந்து என்ன செய்யப் போற? அத்தான்தான் கோட்டி மாதிரி…" என்று தொடங்கியவர், மருமகள் சித்ரலேகாவின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினார்.

"வாறேன்ணே," என்றாள் அன்னத்தாய். "ஆனா அதுக்கு முன்ன சாத்தாங்குளம் வரைக்கும் போய்ட்டு வரணும்."

"அங்க யாரு இருக்கா?"

"பக்கத்து வீட்டுக்காரி."

வைத்தியலிங்கம் சித்ரலேகாவைப் பார்த்தார். சித்ரலேகா விளக்கினாள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏ அன்னம், கொஞ்சமாவது ரோசன பண்ணிப் பேசுதியா? தாலி அறுத்த ஈரம் காயல. ஒருத்தர் வீட்டு வாசல்ல போயி நிப்பியா? அதுவும் வீடு கட்டுத சோலிக்கு? அவ வெளக்குமாத்த எடுக்க மாட்டாளா?"

"வாசல்ல நிக்க மாட்டேன். புறவாசல் வழியாப் போறேன்."

"போயி?"

"ஆவணி பொறந்தா வாறேம்னு அவுககிட்ட சொல்லியிருந்தேன். பொறந்தாச்சு."

"அவ மாட்டேம்னா?"

"அப்பம் பெட்டியத் தூக்கிட்டு உங்க கூட வந்துருதேன். இந்தப் பேச்சுக்கு மாத்துப் பேச்சு இல்ல."

மறுநாள் அம்மாவும் மகளும் பஸ் ஏறினார்கள். ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆற்றுப் பச்சை விட்டுப் போய், பனையும் செம்மணலும் வந்தன. என்ன சொல்லப் போகிறாய் என்று சித்ரலேகா அம்மாவிடம் கேட்டாள். "இருக்கதச் சொல்லணும்னுதான உங்கப்பா சொன்னாரு" என்றாள்.

குற்றாலலிங்கத்தின் வீட்டுக்கு இரண்டு தெருவிலும் வழி இருந்தது. அன்னத்தாய் பின்தெரு வழியாகப் போய்க் கிணற்றடியில் நின்றாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் வெள்ளை நெற்றியைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டு எழுந்தாள். ஆசிரியர் ஓடி வந்து, "அண்ணாச்சி போனதே எனக்கு பொறவுதான் தெரியும்" என்று கண் கலங்கினார். முன்வாசலுக்கு வரச் சொன்னார்கள். அன்னத்தாய் மறுத்துவிட்டாள். கிணற்றடித் துவைகல்லிலேயே உட்கார்ந்து பால் ஊற்றிய கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள். காப்பி முடிகிற வரைக்கும் துட்டிப் பேச்சு. முடிந்ததும் அன்னத்தாயே ஆரம்பித்தாள்.

"அவுக என்னையக் கூட்டிட்டு வாறேம்னு சொல்லியிருந்தாகளாம். வந்திருக்கேன். கேளு தாயி, என்ன கேக்கணுமோ."

ஆவுடையம்மாள் காலித் தம்ளரைக் கையில் உருட்டினாள். பிறகு கேட்டாள்.

"அங்கன பாம்பு உண்டாமே எக்கா?"

"உண்டு."

ஆசிரியர் தொண்டையைக் கனைத்தார்.

"கடை கண்ணி?"

"கெடையாது. ஒரு தீப்பெட்டி வேணும்னாலும் மெயின் ரோட்டுக்குப் போணும்."

"பஸ்ஸு?"

"மெயின் ரோட்டுல எறங்கி நடக்கணும். மழ பேஞ்சா செருப்பக் கையில எடுத்துக்கிடணும்."

"அண்ணாச்சி சொன்னாவளே, பூங்கா இருக்குன்னு?"

"ஆடு நிக்கும்."

"தபாலாபீசு?"

"உடமரம்."

ஆசிரியர் குற்றாலலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பனைமரத்தைப் பார்க்கத் தொடங்கினார். சித்ரலேகா மனதுக்குள் வளவின் மேலவீட்டில் அம்மாவின் பெட்டியை எங்கே வைப்பது என்று யோசித்தாள்.

"ராத்திரி?"

"பயமாத்தான் இருக்கும். நாய் கொலைக்கும். அவுக இருக்கும்போதே எனக்குப் பயந்தான்."

ஆவுடையம்மாள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். நான் அப்போதே சொன்னேனே என்ற பார்வை. பிறகு அன்னத்தாயிடம், "அப்பம் நான் என்னத்துக்குக்கா அங்க வரணும்?" என்று கேட்டாள். கேட்டதில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள்.

அன்னத்தாய் மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, அவ வீட்டு அடுப்படிக்கும் நம்ம வீட்டு அடுப்படிக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கும்?"

சித்ரலேகா கணக்குப் போட்டாள். இரண்டு பக்கமும் விட வேண்டிய இடம், நடுவில் மதில், இவர்கள் வீட்டுக் கட்டு கொஞ்சம் உள்ளே தள்ளியது.

"ஒரு பதினஞ்சு அடி இருக்கும்மா."

"அளந்து நில்லு."

சித்ரலேகா துவைகல்லிலிருந்து அடி வைத்து நடந்து ஒரு வாழைக்கன்றின் பக்கத்தில் போய் நின்றாள். அன்னத்தாய் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகள் நின்ற இடத்துக்கு நடந்து போனாள். மகளை நகரச் சொல்லிவிட்டு அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்பு முன்னால் இருக்கிறவளைப்போல. இல்லாத ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தாள். அப்புறம், திரும்பாமல், குரலை உயர்த்தாமல், தினமும் கூப்பிட்டுப் பழகினவளைப்போலக் கூப்பிட்டாள்.

"ஆவுடையம்மா… அடுப்புல பாலு பொங்குது பாரு."

அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது. இருந்த பாலையெல்லாம் காப்பிக்கு ஊற்றியதும் ஆவுடையம்மாள்தான். இருந்தும் அவள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "இந்தா பாக்கேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் ஓடினாள்.